செட்டிநாட்டு வீடுகளுக்குத் தனியே செல்வோர் கேட்கும் கேள்விகள்

சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிறந்து வளர்ந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பிள்ளைகள் பலர், ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து வீட்டை ஒருமுறையாவது தனியாகப் போய்ப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசையோடு என்னிடம் வழி கேட்கிறார்கள். நானும் பல ஆண்டுகளாக அப்படித் தனியே போய்வருகிறவள்தான். அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

செட்டிநாடு என்பது எந்தப் பகுதி? அந்த வீடுகள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை?

இன்றைய சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பரவிக் கிடக்கும் ஊர்களின் தொகுதியே செட்டிநாடு. 96 ஊர்கள் என்பது மரபுவழிக் கணக்கு. இன்று எழுபத்துச் சொச்சம் ஊர்களையே சொல்கிறோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர், ஆத்தங்குடி ஆகியவை வெளியூராருக்கும் தெரிந்த பெயர்கள். பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் ஆகிய இடங்களுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் ஈட்டிய பணமே இந்தச் சுவர்களாக நிற்கிறது. 1930-களின் பொருளாதார மந்தமும், 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும், அதன் பின்னர் அங்கே நிலங்கள் அரசுடைமையானதும் அந்தப் பணவரவை நிறுத்திவிட்டன. அதனால்தான் பல வீடுகளில் கடைசியாகச் செய்த பெரிய வேலை 1940-ஐ ஒட்டியதாகவே இருக்கிறது.

குடும்பத்தோடு போகாமல் ஏன் தனியாகப் போக வேண்டும்?

குடும்பத்தோடு போகும் நாள்களில் வீடு கல்யாண வீடாகவோ, முன்னோருக்குப் படைத்து வணங்கும் படைப்பு வீடாகவோ இருக்கும். பேச்சும் பந்தியும் முறை செய்வதுமாகப் பொழுது போய்விடும். அது தேவையான நாள்தான். ஆனால் வளவின் (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின்) ஓரத்தில் ஒரு தூணில் சாய்ந்து இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அன்றைக்கு யாரும் விடமாட்டார்கள். தனியாகப் போகிற நாளில்தான் எந்த அறைக் கதவின் நிலை மட்டும் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்கிறது, எந்தப் படி நடுவில் தேய்ந்திருக்கிறது, மத்தியானம் எந்தத் திண்ணையில் நிழல் விழுகிறது என்பவை கண்ணில் படும். முன்னோரைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட கதைகள் பெரும்பாலும் பெருமைக் கதைகள். அவர்கள் அன்றாடம் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே படுத்தார்கள் என்பதை வீடு மட்டுமே காட்டும்.

எந்த வீடுகளை உள்ளே சென்று பார்க்கலாம்?

ஆத்தங்குடியில் 'ஆத்தங்குடி அரண்மனை' என்று அழைக்கப்படும் வீட்டை நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். முதன்முறை வருபவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. முழு வீட்டின் அளவும் ஒழுங்கும் ஒரே பார்வையில் மனத்தில் பதிந்துவிடும். கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய செட்டிநாடு அரண்மனையை வெளியே நின்று காண்பதோடு பலர் நிறைவடைய வேண்டியிருக்கும். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படித்தான். கானாடுகாத்தானிலும் கடியாப்பட்டியிலும் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. வசதி இருப்பவர்கள் ஓர் இரவு அங்கே தங்கினால், விடியற்காலையில் முற்றத்தில் வெளிச்சம் இறங்குவதைப் பார்க்கலாம். மற்ற வீடுகளில் பெரும்பாலானவை பார்வைக்குத் திறக்காத தனியார் வீடுகள். காவலாளிக்குப் பணம் கொடுத்தால் திறந்துவிடுவார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உரியவர்களின் சம்மதம் இல்லாமல் அப்படி நுழைவது எனக்கு உடன்பாடில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பது இன்னொருவருடைய சாமி அறை.

வீட்டுக்குள் எதைப் பார்ப்பது? எல்லாமே தூணும் பளிங்குமாகத்தான் தெரிகிறது.

முதல் பார்வையில் அப்படித்தான் தெரியும். பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி என்று வழிகாட்டி அடுக்கிக்கொண்டே போவார், அவை உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் முகப்பைச் சேர்ந்தவை, வந்தவர்கள் பார்ப்பதற்காகச் செய்தவை. உங்கள் முன்னோரைத் தேடுகிறீர்கள் என்றால் முகப்பைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.

இந்த வீடுகள் பெரும்பாலும் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லைவாசலுமாக நீள்கின்றன. முன்னால் திண்ணையும் முகப்பும். ஆண்கள் கணக்குப் பார்த்ததும் வந்தவர்களை வரவேற்றதும் அங்கே. அடுத்து வானம் பார்த்த முற்றத்தோடு கூடிய வளவு. அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, பின் அடுப்படி, தோட்டம். வளவின் இரு பக்கமும் வரிசையாகச் சிறு அறைகள் இருக்கும். வீட்டின் பிரமாண்டத்தோடு ஒப்பிட்டால் அவை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. அந்த அறைகள்தான் வீட்டின் உயிர்.

நகரத்தார் வழக்கில் திருமணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. மகனுக்குத் திருமணம் முடிந்ததும் அவனை 'வேறு வைப்பார்கள்'. அதாவது, அதே வீட்டில் அவனுக்கென ஓர் அறை, அவன் மனைவிக்கெனத் தனி அடுப்பு, ஆண்டுச் செலவுக்கென ஒரு தொகை என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே கூரையின்கீழ் நான்கு மகன்கள் இருந்தால் நான்கு அடுப்புகள் எரிந்தன. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லோரும் ஒரே உலையில் சாப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். கூடி வாழவும் வேண்டும், கணக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் கண்ட ஏற்பாடு இது. ஆகவே வளவில் நின்று அறைகளை எண்ணுங்கள். அந்தக் கிளையில் எத்தனை மகன்களுக்கு இடம் நினைத்து வீடு கட்டினார்கள் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். பின்பு, உங்கள் ஐயாவின் அறை எது என்று வீட்டில் மூத்தவர் யாரையாவது கேளுங்கள். பளிங்குத் தரையில் நிற்பதற்கும் அந்தப் பத்தடி அறையின் வாசலில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள். எங்கள் ஐயாவின் அறைக்குள் நான் முதலில் கண்டது ஒரு மர அலமாரியின் உட்புறக் கதவில் பென்சிலால் எழுதியிருந்த கூட்டல் கணக்குகளை. ஓரிடத்தில் கூட்டுத்தொகை தவறி, அடித்துத் திருத்தியிருந்தது. அதுவரை அவர் எனக்குச் சுவரில் மாட்டிய ஒரு படம் மட்டுமே.

எங்கள் வீடு எது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்: ஊர், கோயில், விலாசம்.

கோயில் என்பது நீங்கள் வழக்கமாகக் கும்பிடும் கோயில் அன்று. உங்கள் குடி நகரத்தார் கோயில்களில் எதைச் சேர்ந்தது என்பது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். அவர்களுக்குள் பொதுவாகப் பெண் கொடுப்பதோ எடுப்பதோ இல்லை. திருமணத்தின்போது கோயிலிலிருந்து மாலை வருவது அந்தத் தம்பதி புள்ளியாக ஏற்கப்பட்டதற்கு அடையாளம். அதனால் கோயில் புள்ளிக் கணக்குகள் ஒருவகையில் குடும்பப் பதிவேடுகள். உங்கள் கோயில் எது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றால், பெற்றோரின் திருமண அழைப்பிதழைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் இருக்கும்.

விலாசம் என்பது வீட்டு எண்ணும் தெருவும் அன்று. ஒரு குடும்பத்தின் தொழிலும் வீடும் அறியப்பட்ட முதலெழுத்துகளின் வரிசையே விலாசம். பாட்டையா, ஐயா, அப்பச்சி (அப்பா) என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்களின் முதலெழுத்துகள் அதில் கோக்கப்பட்டிருக்கும். ரங்கூனில் வட்டிக்கடைப் பலகையில் இருந்ததும் அதுவே, ஊரில் வீட்டுக்குப் பெயராக வழங்குவதும் அதுவே. ஊரில் இறங்கி ஒரு மனிதரின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நான்கு எழுத்து விலாசத்தைச் சொன்னால் தேநீர்க் கடைக்காரர் கை காட்டுவார்.

இரண்டு எச்சரிக்கைகள். மூத்த மகனுக்குத் தந்தையின் தந்தை பெயரை வைப்பது வழக்கமாதலால், ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரு பத்திரத்தில் ஒரு பெயரைக் கண்டதும் அவர்தான் என்று முடிவுகட்டிவிடாமல் ஆண்டைப் பாருங்கள். அடுத்து, பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்வது (தத்தெடுப்பது) நகரத்தாரிடையே மிகவும் பரவலாக இருந்தது. கூட்டப்பட்ட பிள்ளை கூட்டிய வீட்டுப் புள்ளியாகிவிடுவார். பிறந்த வீட்டின் கோயில் வேறாகவும் இருந்திருக்கலாம். உங்கள் வழியில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களுக்கு இரண்டு பூர்வீக வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒன்றையும் கழித்துவிடத் தேவையில்லை.

நான் மகள்வழிப் பேத்தி. எனக்கு அந்த வீட்டில் பங்கும் இல்லை, விலாசமும் இல்லை. நான் எதைத் தேடுவது?

இந்தக் கேள்வி என்னுடையதும் ஆகும். என் ஆயா (அம்மாவின் அம்மா) பிறந்த வீட்டைத் தேடித்தான் நான் முதன்முதலில் தனியாகப் பயணம் போனேன். மணமான பெண் கணவனின் கோயிலுக்கு உரியவளாகிவிடுகிறாள். விலாசத்தில் பெண்ணின் எழுத்து ஏறுவதில்லை. அறைகள் மகன்களுக்கே பிரிந்தன. இத்தனைக்கும் அந்த வீடுகளில் ஆண்டு முழுவதும் இருந்து அவற்றைக் காத்தவர்கள் பெண்கள். கொண்டுவிற்கப் போன ஆண்கள் ஒரு கணக்குக்கு (ஒரு தவணைக்கு) மூன்றாண்டு என்று கடல்கடந்து இருந்தார்கள்; நெல் அளப்பதும், வெள்ளையடிப்பதும், ஓடு மாற்றுவதும், பிள்ளைகளுக்கு மணம் பேசுவதும் ஊரில் ஆச்சிமார் பார்த்த வேலைகள்.

அவர்களைத் தேட வேண்டிய இடம் பாத்திர அறை. மகளுக்குச் சீராகக் கொடுத்த பித்தளைப் பானை, வெண்கல உருளி, வெள்ளிச் சாமான், பிற்காலத்தில் மங்குச் சாமான், எவர்சில்வர் என ஒவ்வொன்றிலும் எழுத்து வெட்டியிருப்பார்கள். அது எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது என்பதை அந்த எழுத்துகளே சொல்லும். சீர் சாமான்களை எழுதிவைத்த முறைச்சிட்டை கிடைத்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

என் ஆயாவின் பிறந்த வீட்டில் பாத்திர அறை காலியாக இருந்தது. பங்கு பிரித்தபோது எல்லாம் போய்விட்டது என்றார்கள். மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடைகளின் வரிசையில் வெயிலுக்கு ஒதுங்கி நின்றபோது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்த பித்தளைப் போணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். வாயின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய எழுத்துகள். சில தேய்ந்து விரலால் தடவினால் மட்டுமே தெரிந்தன. எங்கள் எழுத்து எதிலும் இல்லை. இருந்தாலும் அங்கிருந்த ஒவ்வொன்றும் யாரோ ஓர் ஆயாவின் சீர் என்று தெரிந்ததால் உடனே எழுந்து வர முடியவில்லை. உங்கள் ஊருக்குப் போகும்போது அந்தத் தெருவுக்கும் போங்கள். போகுமுன் வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய பாத்திரங்களின் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்காளிகள் வீட்டைத் திறக்க மறுத்தால் என்ன செய்வது?

ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள் இருப்பது இயல்பு. அவர்கள் நான்கைந்து நாடுகளில் இருப்பார்கள். அவர்களுக்குள் வழக்கும் இருக்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் திடீரென வந்து வீட்டைக் காட்டுங்கள் என்றால், பங்கு கேட்க வந்திருக்கிறாரோ என்ற ஐயம் எழுவது நியாயமே. ஆகவே முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். எந்தப் புள்ளியின் வழி வந்தவர், யாருடைய பேத்தி அல்லது பேரன், எதற்காக வருகிறீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பத்திரம், பட்டா என்ற சொற்களை முதல் சந்திப்பில் எடுக்க வேண்டாம். நான் எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கு ஓராண்டு கழித்துத்தான் விடை வந்தது. படைப்பு அன்று வாருங்கள் என்றிருந்தது.

அந்த அழைப்பு மிக உயர்ந்தது. படைப்பு என்பது பங்காளிகள் கூடித் தங்கள் குடும்பத்தில் தெய்வமாகிவிட்ட முன்னோருக்குப் புடவையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைத்து வணங்கும் நாள். தனிப்பயணம் என்ற உறுதியை அன்றைக்குத் தளர்த்திக்கொள்ளலாம். யாருடைய பெயரைச் சொல்லிப் படைக்கிறார்கள் என்பதைக் கவனித்துக் கேளுங்கள். அவர்களில் பலர் எந்த ஏட்டிலும் இல்லாதவர்களாக இருப்பார்கள்.

நான் நகரத்தார் குடும்பம் அல்லேன். என் பாட்டனார் இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவர். எனக்கு இங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, வீட்டுக்காரர்களைவிட உங்களுக்கு உரிமை குறைவு என்று நான் கருதவில்லை. சுண்ணாம்பை அரைத்துப் பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் நூறாண்டு கழித்தும் கை வைத்தால் குளிர்கிறது. அந்த வேலையைச் செய்தவர்களின் பெயரை யாரும் முகப்பில் எழுதவில்லை. தூண் செதுக்கிய ஆசாரிகள், மரம் ஏற்றிவந்த வண்டிக்காரர்கள், கல்யாணங்களுக்குச் சமைத்தவர்கள், பிள்ளைகளை வளர்த்த பெண்கள் என அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அதே ஊர்களில் வாழ்கிறார்கள். பல வீடுகளின் சாவி இன்று அவர்கள் கையில்தான் இருக்கிறது.

ஆத்தங்குடிக்குச் சென்று தரைக்கல் செய்யும் பட்டறையில் ஒரு காலைப்பொழுது இருந்து பாருங்கள். ஒரு கண்ணாடித் துண்டை அடியில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தையும் பூ அச்சையும் பொருத்தி, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கியதும் உலர்ந்த மணல்சிமெண்டைத் தூவி, மேலே ஈரக் கலவையை வைத்துத் தேய்க்கிறார்கள். பின்பு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். கண்ணாடி பிரியும்போது பூ முகம் பளபளப்பாக வெளிவருகிறது. சூளையே இல்லை. அந்த அச்சைத் தூக்கும் கையின் நிதானம் பழகிப் பழகி வந்தது. அந்தத் தொழிலில் இருந்த குடும்பம் உங்களுடையது என்றால், உங்கள் பூர்வீக வீடு ஊரில் ஏதோ ஒன்று மட்டும் அன்று. தரை பாவிய ஒவ்வொன்றுமே.

தனியாகப் போகும் பெண்ணுக்கு இது பாதுகாப்பானதா?

ஊர்கள் அமைதியானவை, எனக்குத் தீங்கு எதுவும் நேர்ந்ததில்லை. ஆனால் தெருக்கள் பகலிலேயே வெறிச்சோடிக் கிடக்கும். காரைக்குடியில் தங்கி, கானாடுகாத்தானுக்கும் மற்ற ஊர்களுக்கும் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்புவது நல்லது. கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர்தான். உண்மையான ஆபத்து மனிதர்களால் அன்று, கட்டடத்தால். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் மாடிக்கு ஏற வேண்டாம். செல்லரித்த விட்டம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிணற்றடிக்கும் கொல்லைக்கும் தனியே போக வேண்டாம்; பாம்பு இருக்கும். மார்கழி, தை, மாசி மாதங்கள் ஏற்றவை. சித்திரை வெயிலில் வளவுக்குள் குளிர்ச்சிதான், ஆனால் வளவுக்குப் போய்ச் சேருவதே பாடு.

வீட்டில் பழைய ஏடுகளும் கடிதங்களும் கிடைத்தால்?

முதலில் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். பேரேடு, ஐந்தொகை, இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தம்), பாகப்பிரிவினைப் பத்திரம், ரங்கூன் முத்திரையிட்ட கடிதம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையைத் திறக்கும். கணக்குகளில் தமிழ் எண்களும் பின்னக் குறியீடுகளும் இருக்கும். அவற்றை வாசிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், அந்த ஒரு வாரத்தைச் செலவிடுங்கள். பெட்டியோடு பழைய பேப்பர்காரருக்குப் போடும் முடிவைப் பங்காளிகள் எடுத்துவிட்டார்கள் என்றால், தயங்காமல் குறுக்கே நில்லுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர், ரோஜா முத்தையா, தம் வீட்டில் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களுமே இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளம். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் அவையும் எடைக்குத்தான் போயிருக்கும்.

இந்த வீடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதா?

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலில் இருப்பது மட்டுமே ஒரு தனியார் வீட்டை இடிப்பதைத் தடுக்காது. காப்பதும் விடுவதும் பங்குதாரர்களின் சம்மதத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்ற எல்லோரும் பணம் போட்டால் வீடு நிற்கும். இரண்டு மழைக்கு விட்டுவிட்டால் விட்டம் இறங்கிவிடும்.

நான் போய்ச் சேருமுன்பே எங்கள் வீடு இடிக்கப்பட்டுவிட்டால்?

அப்போதும் போங்கள். என் அப்பத்தா பிறந்த வீட்டுக்கு நான் போனபோது அங்கே வீடு இல்லை. தேக்குத் தூண்களும் நிலைகளும் முந்தைய ஆண்டே விலைபோயிருந்தன. வேலிக்கருவை முளைத்த மனை மட்டும் இருந்தது. ஆனால் விலாசத்தைச் சொல்லிக் கேட்டதும், பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, அந்த மனைக்கு எதிரே என்னைக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுதாங்க ஆச்சி அந்த வீடு" என்றார். இருந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்த சுவரில் எங்கள் பக்கத்துப் பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது; மாடிப்படி ஏறிய தடம் அதில் சாய்வாகத் தெரிந்தது. வாசற்படிக் கல் இருந்த இடத்தை அவரே காட்டினார். அங்கிருந்து பின் தெரு வரை கருவையை விலக்கிக்கொண்டு நடந்து அளந்தேன். எழுபத்தெட்டுத் தப்படி வந்தது. குறிப்பேட்டில் அதையும், அதன்கீழ் விலாசத்தையும், அப்பத்தாவின் பெயரையும் எழுதிக்கொண்டேன்.